மெடிக்கல் அசிஸ்டென்ட் ஆகலாமா? அமெரிக்க வாசகிகளின் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவில் டாக்டர் அறைக்குள் வருவதற்கு முன்னால் நம்மைப் பேர் சொல்லி அழைத்துப்போய், எடை பார்த்து, பிரஷர் பார்த்து, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்று கேட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றுபவர் பெரும்பாலும் நர்ஸ் இல்லை, மெடிக்கல் அசிஸ்டென்ட். சுருக்கமாக எம்.ஏ. என்பார்கள். (ஊரில் தமிழ் எம்.ஏ. படித்த மாமியாரிடம் சொல்லும்போது கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கும்.) பிள்ளைகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்த பிறகு தாங்களும் படிக்கப் போகலாமா என்று யோசிப்பவர்களிடமிருந்து நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில்.

எனக்கு 38 வயது. ஊரில் பி.காம். முடித்தேன். 12 வருடமாக வேலைக்குப் போகவில்லை. ஒரு தனியார் பள்ளி, "16 வாரம், வீட்டிலிருந்தே ஆன்லைன், முடித்ததும் சர்டிஃபைட்" என்கிறது. நம்பிச் சேரலாமா?
– வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

இப்போதைக்குப் பணம் கட்ட வேண்டாம். முதலில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து, உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரக் கார் தூரத்துக்குள் வந்திருக்கும் மெடிக்கல் அசிஸ்டென்ட் வேலை விளம்பரங்கள் இருபதைப் படியுங்கள். ஒரு நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: எந்தச் சான்றிதழ் கேட்கிறார்கள், ஊசி போடவும் ரத்தம் எடுக்கவும் தெரிய வேண்டும் என்கிறார்களா, எத்தனை வருட அனுபவம் வேண்டும். இருபதும் படித்து முடிக்கும்போது எந்தச் சான்றிதழுக்கு உங்கள் ஊரில் மதிப்பு என்று தெரிந்துவிடும். அந்தச் சான்றிதழுக்கு உங்களைக் கொண்டுபோய் விடுகிற பள்ளியை அதற்கப்புறம் தேடுங்கள். பலர் பள்ளியை முதலில் பிடித்துவிட்டு, படித்து முடித்த பிறகுதான் விளம்பரத்தைப் பார்க்கிறார்கள்.

"முடித்ததும் சர்டிஃபைட்" என்ற வார்த்தையில்தான் சூட்சுமம். பள்ளி தருவது "இவர் படித்து முடித்தார்" என்கிற தாள். சர்டிஃபைட் என்று போட்டுக்கொள்ள, தேசிய அளவில் தனி அமைப்பு நடத்தும் தேர்வில் தேற வேண்டும். அதிகம் கேட்கப்படுபவை மூன்று. அமெரிக்கன் அசோசியேஷன் ஆஃப் மெடிக்கல் அசிஸ்டென்ட்ஸ் தருவது சி.எம்.ஏ.; 200 கேள்விகள், நாற்பது நாற்பது நிமிடமாக நான்கு பகுதிகள். அமெரிக்கன் மெடிக்கல் டெக்னாலஜிஸ்ட்ஸ் தருவது ஆர்.எம்.ஏ. நேஷனல் ஹெல்த்கேரியர் அசோசியேஷன் தருவது சி.சி.எம்.ஏ.; 180 கேள்விகள், 3 மணி நேரம்.

சி.எம்.ஏ. தேர்வு எழுத வழக்கமான வழி, சி.ஏ.ஏ.எச்.இ.பி. அல்லது ஏ.பி.எச்.இ.எஸ். என்ற அமைப்பின் அங்கீகாரம் பெற்ற பாடத்திட்டத்தில் படித்து முடிப்பது. சி.சி.எம்.ஏ.வுக்கு அவ்வளவு கெடுபிடி கிடையாது. பள்ளி இறுதிச் சான்றும், கடந்த 5 ஆண்டுகளுக்குள் முடித்த எம்.ஏ. பயிற்சியும் இருந்தால் எழுதலாம். ஆன்லைன் பள்ளிகள் பெரும்பாலும் இந்தத் தேர்வைத்தான் மனதில் வைத்து விளம்பரம் செய்கின்றன. அது மட்டமான சான்றிதழ் இல்லை. உங்கள் ஊர் விளம்பரங்கள் "சி.எம்.ஏ. அல்லது சி.சி.எம்.ஏ." என்று சொன்னால் தாராளமாக அந்த வழியில் போகலாம். சி.எம்.ஏ. மட்டும்தான் என்றால் 16 வாரமும் வீண்.

இன்னொரு கண்ணாமூச்சி: "எங்கள் பள்ளிக்கு அங்கீகாரம் இருக்கிறது" என்பார்கள். பள்ளிக்கு இருப்பது வேறு, இந்தப் பாடத்திட்டத்துக்கு இருப்பது வேறு. சி.ஏ.ஏ.எச்.இ.பி.யின் இணையதளத்தில் பள்ளியின் பெயரையும் ஊரையும் போட்டு நீங்களே தேடுங்கள். ஒரே பள்ளிக்கு இரண்டு வளாகம் இருந்து, ஒன்றுக்கு மட்டும் அங்கீகாரம் இருப்பதும் உண்டு.

மாநிலச் சட்டத்தையும் பார்த்துவிட வேண்டும். மெடிக்கல் அசிஸ்டென்ட் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக வைத்திருக்கிறது. உங்கள் நியூ ஜெர்சியில் டாக்டர் ஊசி போடும் வேலையை ஒப்படைக்க வேண்டுமென்றால், அந்த எம்.ஏ. முறையான பாடத்திட்டத்தில் படித்துச் சான்றிதழும் நடப்பில் வைத்திருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் சான்றிதழ் கட்டாயமில்லை. ஆனால் ஊசிக்கு 10 மணி நேரம், ரத்தம் எடுக்க 10 மணி நேரம் என்று தனிப் பயிற்சியும், ஒவ்வொரு வகையிலும் குறைந்தது பத்து முறை சரியாகச் செய்து காட்டியதற்கான பதிவும் வேண்டும். அங்கே எம்.ஏ. ஐ.வி. (டிரிப்) போடக்கூடாது. போனில் நோயாளியின் நிலையைக் கேட்டு, வரச் சொல்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கவும் கூடாது. வாஷிங்டன் மாநிலத்திலோ சுகாதாரத் துறையிடமே பதிவு வாங்காமல் வேலையில் கை வைக்க முடியாது.

இத்தனைக்கும் பிறகு அந்தத் தனியார் பள்ளி சரிப்படும் என்று தோன்றினால், சேருமுன் இரண்டு கேள்விகளை மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். கிளினிக்கில் செய்ய வேண்டிய பயிற்சிக்கு இடம் பிடித்துத் தருவது யார்? நடுவில் விட்டால் எவ்வளவு பணம் திரும்ப வரும்? சி.ஏ.ஏ.எச்.இ.பி. பாடத்திட்டங்களில் இந்தக் கிளினிக் பயிற்சி குறைந்தது 160 மணி நேரம், பெரும்பாலும் சம்பளம் கிடையாது. இடத்தை மாணவரே தேடிக்கொள்ள வேண்டும் என்று சொல்லும் ஆன்லைன் பள்ளியில் சேர்ந்தால், பாடம் 16 வாரத்தில் முடியும், பயிற்சிக்கு இடம் கிடைக்க இன்னொரு 16 வாரம் ஆகும். முன்பின் தெரியாத மாணவிக்குக் கையில் ஊசியைக் கொடுக்க எந்த டாக்டரும் யோசிக்கத்தான் செய்வார்.

கம்யூனிட்டி காலேஜில் இதே படிப்பு சான்றிதழ் அளவில் 9 முதல் 12 மாதம், அசோசியேட் டிகிரியாக 2 வருடம். ஏற்கனவே பி.காம். வைத்திருக்கும் நீங்கள் இரண்டு வருட டிகிரிக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை.

நான் எச்-4 விசாவில் இருக்கிறேன். படிக்கலாமா? படித்தால் வேலை கிடைக்குமா?
– வாசகி, பிளேனோ, டெக்சஸ்

படிக்கத் தடையில்லை. எச்-4 (எச்-1பி ஊழியரின் துணைக்கான விசா) நிலையிலேயே, எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறாமல், பகுதி நேரமாகவோ முழு நேரமாகவோ சேரலாம். வேலைக்குத்தான் இ.ஏ.டி. என்ற வேலை அனுமதி அட்டை வேண்டும். 2015-இல் வந்த விதிப்படி, கணவரின் ஐ-140 (கிரீன் கார்டுக்கான மனு) அங்கீகரிக்கப்பட்டிருந்தால், அல்லது அவர் ஆறு ஆண்டு வரம்பைத் தாண்டி எச்-1பி நீட்டிப்பில் இருந்தால், நீங்கள் இ.ஏ.டி.க்கு விண்ணப்பிக்கலாம். அந்த இரண்டும் இல்லையென்றால் படித்த கையோடு வேலை என்ற கணக்கு ஓடாது. கிளினிக் தனக்கு ஆள் தேவை என்று உங்களுக்கு எச்-1பி போட்டுத் தரவும் வழியில்லை. அதற்கு அந்த வேலை பட்டப்படிப்பைக் கட்டாயமாகக் கேட்கும் வேலையாக இருக்க வேண்டும், எம்.ஏ. வேலை அப்படிப்பட்டது இல்லை.

இ.ஏ.டி. இல்லாதவர்கள் கிளினிக் பயிற்சியில் கவனமாக இருக்க வேண்டும். சம்பளம் இல்லாவிட்டாலும், அங்கே நீங்கள் செய்வது நிஜ நோயாளிகளிடம் நிஜ வேலை. கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திடமும் ஒரு இமிக்ரேஷன் வக்கீலிடமும் சேருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். சம்பளம் தரும் பயிற்சி என்றால் கேட்கவே வேண்டாம், கூடாது.

இ.ஏ.டி. உள்ளவர்களும் தேதியைக் கண்ணில் வைத்திருங்கள். 2025 அக்டோபர் 30 முதல் போட்ட புதுப்பிப்பு விண்ணப்பங்களுக்கு, முன்பு தானாகக் கிடைத்த 540 நாள் நீட்டிப்பு கிடையாது. அட்டை முடிந்த அன்றே கிளினிக் உங்களை வீட்டுக்கு அனுப்பியாக வேண்டும். எல்-2 மனைவிமார்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. ஐ-94-இல் "எல்-2 எஸ்" என்று இருந்தாலே வேலை செய்யலாம்.

கிரீன் கார்டு வந்துவிட்டது. பெல் கிராண்ட் கிடைத்தால் படிப்பு இலவசம் என்று தோழி சொன்னாள். ஊரில் பி.எஸ்சி. படித்திருக்கிறேன்.
– வாசகி, ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

தோழிக்கு டிகிரி இல்லாமல் இருந்திருக்கும். வழக்கமான பெல் கிராண்ட் (மத்திய அரசின் கல்வி உதவித்தொகை), இதுவரை பட்டம் வாங்காதவர்களுக்கு மட்டும். வெளிநாட்டில் வாங்கிய பி.எஸ்சி.யும் பட்டம்தான். "இங்கே செல்லாத டிகிரிதானே" என்று விண்ணப்பத்தில் இல்லை என்று போட்டுவிடுகிறவர்கள் உண்டு. பிறகு அதே டிகிரியைக் கல்லூரியில் சேர்க்கைக்காகக் காட்டும்போது மாட்டிக்கொண்டு, வாங்கியதைத் திருப்பிக் கட்ட நேரிடும். 2025-26-க்கு அதிகபட்சம் 7,395 டாலர்; திருப்பிக் கட்டும்போதுதான் அது எவ்வளவு பெரிய தொகை என்று தெரியும்.

உங்களுக்குத் திறந்திருக்கும் வழிகள் வேறு. மாவட்டத்து அமெரிக்கன் ஜாப் சென்டருக்குப் போய் டபிள்யூ.ஐ.ஓ.ஏ. என்ற மத்திய அரசுச் சட்டப்படி பயிற்சி நிதி இருக்கிறதா என்று கேளுங்கள். அவர்களுடைய பட்டியலில் உள்ள பள்ளிக்கு மட்டும்தான் தருவார்கள். சேர்ந்து பணம் கட்டிவிட்டுப் போனால் பெரும்பாலும் கைவிரித்துவிடுவார்கள். ஆகவே சேருமுன் போக வேண்டும். அடுத்து, பெரிய மருத்துவமனைக் குழுமங்கள் சில அப்ரென்டிஸ் முறையில் சம்பளம் கொடுத்துக்கொண்டே படிக்க வைக்கின்றன. இடம் குறைவு, போட்டி அதிகம். எதுவும் அமையாமல் கைக்காசு போட்டுப் படித்தால், வருமான வரியில் லைஃப்டைம் லர்னிங் கிரெடிட் இருக்கிறது. கட்டிய கல்விக் கட்டணத்தில் 10,000 டாலர் வரை 20 சதவீதம், அதாவது அதிகபட்சம் 2,000 டாலர். கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்யும்போது வருமானம் 1,60,000 டாலரைத் தாண்டினால் குறைய ஆரம்பித்து, 1,80,000-இல் ஒன்றுமில்லாமல் போகும். உங்கள் பகுதியில் இரண்டு பேரும் ஐ.டி.யில் இருக்கும் வீடுகளுக்கு இது எட்டாக் கனி.

சம்பளத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். தொழிலாளர் புள்ளியியல் துறையின் கணக்குப்படி 2023 மே மாதத்தில் நாட்டளவில் நடுத்தரச் சம்பளம் ஆண்டுக்கு 42,000 டாலர், மணிக்குச் சுமார் 20. டே கேருக்கு அனுப்ப வேண்டிய வயதில் இரண்டு குழந்தைகள் இருந்தால், பள்ளியில் சேருமுன் அந்தக் கட்டணத்தை இதிலிருந்து கழித்துப் பாருங்கள். சின்னது கிண்டர்கார்டன் போகும் வரை பொறுப்பது புத்திசாலித்தனமாகவும் இருக்கலாம்.

ப்ளஸ் டூ மார்க் ஷீட் ஊரில் எங்கோ இருக்கிறது. அதில் "கு. மீனாட்சி". பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் கடைசிப் பெயர். சிக்கல் வருமா?
– வாசகி, சார்லட், நார்த் கரோலினா

வரும், இன்றைக்கே ஆரம்பித்தால் தீரும். கல்லூரி கேட்பது பள்ளி இறுதிச் சான்று. ஊரிலிருந்து மார்க் ஷீட்டை வரவழைத்து, வெளிநாட்டுப் படிப்பை எடைபோடும், கல்லூரி ஏற்கும் மதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். நேசஸ் அமைப்பில் உள்ள நிறுவனமா என்று பாருங்கள். எந்த நிறுவனம், எந்த வகை அறிக்கை என்று கல்லூரியிடம் கேட்காமல் பணம் கட்டாதீர்கள். பள்ளிப் படிப்பை மட்டும் காட்ட, பாடவாரியான அறிக்கை தேவைப்படாது; பொது அறிக்கை போதும், செலவும் குறைவு. பட்டம் பெற்றவர் என்றால் பட்டத்தின் மதிப்பீடே போதும் என்று சொல்லும் கல்லூரிகளும் இருக்கின்றன.

மார்க் ஷீட் தொலைந்தே போயிருந்தால், கடைசியாகப் படித்த பள்ளியின் தலைமை ஆசிரியர் மூலம் அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு நகல் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். ஊரில் நடையாய் நடக்க ஒரு ஆள் வேண்டும். அண்ணனிடமோ மாமாவிடமோ இப்போதே சொல்லி வையுங்கள்.

பெயருக்கு: "கு. மீனாட்சியும் பாஸ்போர்ட்டில் உள்ளவரும் ஒருவரே" என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி நோட்டரி முன் கையெழுத்திட்டு, கல்யாணச் சான்றையும் இணைத்து ஒரே கட்டாக வைத்திருங்கள். இனி கல்லூரி, பி.எல்.எஸ். (உயிர்காக்கும் முதலுதவி) அட்டை, சான்றிதழ்த் தேர்வு எல்லாவற்றிலும் டிரைவிங் லைசென்ஸில் உள்ளபடியே பெயர் கொடுங்கள். தேர்வு மையத்தில் பதிவுப் பெயரும் அடையாள அட்டைப் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள், கட்டிய கட்டணமும் போகும்.

பத்தாவதோடு நின்றவர்கள் மனம் தளர வேண்டாம். பள்ளி இறுதிச் சான்றுக்கு நிகரான ஜி.இ.டி. தேர்வு இருக்கிறது. கணக்கு, மொழி, அறிவியல், சமூகவியல் என நான்கு தாள். ஒவ்வொன்றிலும் 200-க்கு 145 வேண்டும். ஒவ்வொரு தாளாகத் தனித்தனி நாளில் எழுதலாம்.

கிளினிக் பயிற்சிக்கு முன்னால் ஒரு முழப் பட்டியல் தந்திருக்கிறார்கள்: தடுப்பூசி, டி.பி. டெஸ்ட், போதைப்பொருள் டெஸ்ட். எதை முதலில் செய்வது?
– வாசகி, நேப்பர்வில், இல்லினாய்

பாடத்தில் தேறியும், இந்தப் பட்டியலில் தேதி தவறிப் பயிற்சியை இழப்பவர்கள் உண்டு. வரிசை முக்கியம்.

முதல் வேலை, ஹெபடைடிஸ் பி. வழக்கமான மூன்று ஊசி முறையில் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. அது முடிந்து ஒன்றிரண்டு மாதம் கழித்து எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை. மில்லி லிட்டருக்கு 10 மில்லி யூனிட்டாவது இருக்க வேண்டும். ஜனவரியில் பயிற்சி என்றால் அக்டோபரில் ஆரம்பித்து என்ன பயன்? ஹெப்லிசாவ் என்ற ஊசி இரண்டே தவணை, நான்கு வார இடைவெளி. நேரம் குறைவாக இருந்தால் டாக்டரிடம் அதைக் கேளுங்கள்.

"சின்ன வயசில் அம்மை போட்டிருக்கு" என்று சொன்னால் இங்கே பதிவாகாது. நம் தலைமுறையில் பலருக்குத் தடுப்பூசி அட்டையே இல்லை. தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா, சின்னம்மை நான்குக்கும் ரத்தத்தில் டைட்டர் பாருங்கள். எதிர்ப்புச் சக்தி இருந்தால் அந்த அறிக்கையே போதும், ஊசி வேண்டாம். இல்லையென்றால் எம்.எம்.ஆர்., வேரிசெல்லா இரண்டும் இரண்டிரண்டு தவணை. இவை உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரித்தவை. கர்ப்பமாக இருக்கும்போது போடக்கூடாது. போட்ட பிறகு ஒரு மாதம் கருத்தரிப்பதைத் தள்ளிப்போட வேண்டும்.

இந்த உயிருள்ள ஊசிகளுக்கும் டி.பி. டெஸ்டுக்கும் ஒத்துவராது. இரண்டையும் ஒரே நாளில் செய்துவிட்டால் பிரச்சினையில்லை. ஊசி முந்திவிட்டால் டி.பி. டெஸ்டுக்கு நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் உண்மையான தொற்றையும் இல்லை என்று காட்டிவிடலாம். ஆகவே டி.பி. டெஸ்டை முன்னால் வையுங்கள்.

அந்த டெஸ்டிலும் நமக்கென்று ஒரு கண்ணி இருக்கிறது. பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. தழும்பு தோளில் இருக்கிறதல்லவா? முன்கையில் மருந்தேற்றி 48 முதல் 72 மணி நேரத்தில் தடிப்பை அளக்கும் தோல் பரிசோதனை, அந்தப் பழைய ஊசியின் காரணமாகவே பாசிட்டிவ் காட்டலாம். அப்புறம் எக்ஸ்ரே, சுகாதாரத் துறைக் கடிதம் என்று அலைய வேண்டும். நேராக ரத்தப் பரிசோதனை கேளுங்கள். குவான்டிஃபெரான், டி-ஸ்பாட் என்ற இரண்டுமே பி.சி.ஜி.யால் ஏமாறுவதில்லை. அதிலும் பாசிட்டிவ் வந்தால் அது உடம்பில் உறங்கும் தொற்றாக இருக்கக்கூடும். எக்ஸ்ரே தெளிவாக இருந்தால் பயிற்சிக்கு அனுமதிப்பார்கள். சில மாத மாத்திரையில் அது குணமாகும், ஒத்திப்போடாதீர்கள்.

பி.எல்.எஸ். முதலுதவி அட்டையை முழுக்க ஆன்லைனில் வாங்கினால் செல்லாது. பொம்மையின் நெஞ்சை நேரில் அழுத்திக் காட்டும் பகுதி இருக்க வேண்டும். அட்டை 2 வருடம் ஓடும்.

போதைப்பொருள் டெஸ்டுக்கு முந்தைய மூன்று நாள் கசகசா அரைத்த குருமா, பாயாசம் எதுவும் வேண்டாம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கசகசாவில் மார்ஃபின் மிச்சம் இருக்கும். இந்தக் குழப்பத்தால்தான் அமெரிக்க மத்திய அரசு 1998-இல் தன் பரிசோதனையின் வரம்பை 300 நானோகிராமிலிருந்து 2,000-ஆக உயர்த்தியது. தனியார் பரிசோதனைக்கூடங்கள் சில இன்னும் பழைய வரம்பிலேயே இருக்கின்றன.

எனக்கு 47 வயது. பிரஷர் பார்க்கும்போது ஒவ்வொரு முறையும் வேறு எண் வருகிறது. ரத்தம் எடுக்கும்போது கை நடுங்குகிறது. வயது காரணமா?
– வாசகி, அட்லாண்டா, ஜார்ஜியா

வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 22 வயதுப் பெண்ணுக்கும் முதல் இருபது கைகள் வரை நடுங்கும்.

பிரஷரில் எண் மாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் நாற்காலியில் இருக்கிறது. நோயாளி பரிசோதனை மேசையின் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தால் எண் ஏறும். கால் மேல் கால் போட்டிருந்தால் ஏறும், சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தால் ஏறும், பேசினால் ஏறும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, கை இதய மட்டத்தில் தாங்கி இருக்க, ஐந்து நிமிடம் சும்மா இருந்த பிறகு பாருங்கள். நாம் கேள்வி கேட்டுக்கொண்டே காற்றை ஏற்றுவோம், அவரும் மரியாதைக்குப் பதில் சொல்வார், எண் கெட்டது. பட்டை அளவும் முக்கியம். மேற்கையின் சுற்றளவு 27 முதல் 34 செ.மீ. என்றால் சாதாரணப் பட்டை, 35 முதல் 44 என்றால் பெரியது. பெரிய கைக்குச் சின்னப் பட்டை சுற்றினால் இல்லாத ரத்தக்கொதிப்பு வந்துவிடும். சட்டைக் கைக்கு மேல் சுற்றுவதும் அப்படித்தான்.

ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்க்கும்போது, முதலில் மணிக்கட்டு நாடியைத் தொட்டபடி காற்றை ஏற்றி, நாடி மறையும் எண்ணைக் குறித்துக்கொண்டு இறக்கிவிடுங்கள். அரை நிமிடம் கழித்து அதற்கு மேல் 30 ஏற்றி, நொடிக்கு 2 மி.மீ. வேகத்தில் இறக்குங்கள். புதியவர்கள் "புஸ்" என்று திறந்துவிடுவார்கள். முதல் சத்தம் கேட்பதற்குள் முள் பத்து கீழே போயிருக்கும், 128 என்பது 118 ஆகிவிடும்.

ரத்தத்துக்கு வருவோம். தமிழில் நாம் "நரம்பு கிடைக்கவில்லை" என்போம். அதை இங்கே ஆங்கிலத்தில் நர்வ் என்று மொழிபெயர்த்துச் சொன்னால் நோயாளி அலறிவிடுவார். நாம் சொல்லும் நரம்பு வெயின், நிஜ நரம்பு வேறு. முழங்கை மடிப்பின் நடுவில் இருக்கும் மீடியன் க்யூபிடலை முதலில் தேடுங்கள். அடுத்தது கட்டைவிரல் பக்கத்து செஃபாலிக். சுண்டுவிரல் பக்கத்து பாசிலிக் நன்றாகத் தெரிந்தாலும் கடைசியில்தான், ஏனென்றால் அதன் அருகில் நிஜ நரம்பும் தமனியும் ஓடுகின்றன. கண்ணால் தேடாமல் ஆட்காட்டி விரலால் அமுக்கி விடுங்கள்; துள்ளி மேலே வருவது வெயின், கயிறு மாதிரி இறுகி இருப்பது தசைநாண். நம்மைப் போன்ற மாநிறத் தோல்களில் விரல்தான் கண்.

ரப்பர் பட்டை மூன்று நான்கு அங்குலம் மேலே, ஒரு நிமிடத்துக்கு மேல் கூடாது. வெயின் உருளாமல் இருக்க, குத்தும் இடத்துக்குக் கீழே தோலைக் கட்டைவிரலால் இழுத்துப் பிடியுங்கள். ஊசியின் சாய்ந்த வாய் மேலே பார்த்திருக்க, 15 முதல் 30 டிகிரியில், ஒரே ஓட்டமாக உள்ளே விட வேண்டும். தயங்கித் தயங்கி விட்டால்தான் வலிக்கும். கை நடுங்குபவர்கள் செய்யும் தவறு இது. ஊசி பிடித்த கையின் சுண்டுவிரலை நோயாளியின் முன்கையில் ஊன்றிக்கொள்ளுங்கள், பாதி நடுக்கம் போய்விடும். பட்டையை அவிழ்த்த பிறகுதான் ஊசியை உருவ வேண்டும். மாற்றிச் செய்தால் ரத்தம் பீய்ச்சிக் கை நீலம் பாரிக்கும்.

ரத்தம் பிடிக்கும் குழாய்களின் மூடி நிற வரிசை மனப்பாடமாக இருக்கட்டும்: இளநீலம், சிவப்பு அல்லது தங்கம், பச்சை, லாவண்டர், சாம்பல். லாவண்டர் குழாயில் இருப்பது பொட்டாசியம் உப்பு. அதை முந்தி நிரப்பினால் ஊசி முனையில் ஒட்டிய துளி அடுத்த குழாய்க்குப் போய், பொட்டாசியம் தாறுமாறாக ஏறியதாகவும் கால்சியம் இறங்கியதாகவும் காட்டும். ஒன்றுமில்லாத ஆளை ராத்திரியில் எமர்ஜென்சிக்கு ஓட வைக்கும். இளநீலக் குழாய் கோடு வரை நிரம்பியே ஆக வேண்டும். குறைந்தால் லேப் திருப்பி அனுப்பும். லேபிளை நோயாளி எதிரிலேயே, எடுத்த பிறகு ஒட்டுங்கள்.

இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவள்தான். ஆனாலும் கிளினிக்கில் நான் சொல்வது புரியவில்லை என்கிறார்கள்.
– வாசகி, சியாட்டில், வாஷிங்டன்

உச்சரிப்பைவிட வார்த்தைதான் காரணமாக இருக்கும். லூஸ் மோஷன், கிடினெஸ், ஷுகர் கம்ப்ளெய்ன்ட், டேப்லெட் போட்டீங்களா – எல்லாம் நம் ஊர் ஆங்கிலம். இங்கே டயரியா, டிசி, டயபெடிஸ், மெடிசின் எடுத்தீர்களா. "ஐ ஹேவ் எ டவுட்" என்று டாக்டரிடம் சொன்னால் அவருடைய முடிவைச் சந்தேகிப்பதாக எடுத்துக்கொள்வார். "க்வெஸ்டின்" என்று சொல்லுங்கள்.

உயிர்போகும் தவறுகள் எண்களில் வரும். 15, 50 இரண்டும் போனில் ஒன்றாகக் கேட்கும். "ஒன் ஃபைவ்", "ஃபைவ் ஜீரோ" என்று பிரித்துச் சொல்லி, எதிராளியைத் திரும்பச் சொல்லவையுங்கள். தேதியில் மாதம் முன்னால்: 03/04 என்பது மார்ச் 4. ஊர்ப் பழக்கத்தில் ஏப்ரல் 3 என்று படித்தால், பிறந்த தேதி சரிபார்ப்பில் வேறு நோயாளியின் ஃபைல் திறந்துவிடும். எடை பவுண்டில் சொல்வார்கள்; மருந்து கிலோவுக்குக் கணக்கு. 44 பவுண்டு குழந்தை 20 கிலோ. கிலோவுக்கு 15 மி.கி. அசெட்டமினோஃபென் என்று டாக்டர் எழுதியிருந்தால் 300 மி.கி.; 5 மி.லி.யில் 160 மி.கி. உள்ள சிரப்பில் அது சுமார் 9.4 மி.லி. பவுண்டை 2.2-ஆல் வகுக்க மறந்தால் இரண்டு மடங்குக்கு மேல் மருந்து போகும்.

மதுரையில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து 4 வருடம் வேலை பார்த்தேன். எம்.ஏ. படித்தால் சீக்கிரம் வேலை கிடைக்குமா?
– வாசகி, டாம்பா, ஃப்ளோரிடா

படிக்காதீர்கள். உங்கள் பாதை ஆர்.என்., அதாவது பதிவு பெற்ற நர்ஸ். சி.ஜி.எஃப்.என்.எஸ். (இப்போதைய பெயர் ட்ரூமெரிட்) நிறுவனம் மூலம் படிப்பை மதிப்பிடச் செய்து, மாநில நர்சிங் வாரியத்தின் அனுமதி வாங்கி, என்கிளெக்ஸ் என்ற நர்ஸ் உரிமத் தேர்வை எழுதுங்கள். காகிதம் வர மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில் கையில் வருமானம் வேண்டும் என்றால், சான்றிதழ் கேட்காமல் எடுக்கும் கிளினிக்கில் சேர்ந்துகொள்ளலாம், அதற்காகத் தனியாகப் பணம் கட்டிப் படிக்க வேண்டியதில்லை.

எம்.ஏ. படித்துவிட்டுப் பிறகு அதே கிரெடிட்டில் நர்சிங்குக்குத் தாவலாமா?
– வாசகி, ஹூஸ்டன், டெக்சஸ்

பெரும்பாலும் முடியாது. எம்.ஏ. பாடங்களை நர்சிங் கல்லூரிகள் கணக்கில் எடுப்பதில்லை. நர்சிங்தான் கடைசி இலக்கு என்றால், கம்யூனிட்டி காலேஜில் ஆய்வகத்தோடு கூடிய உடற்கூறியல், உடலியங்கியல், மைக்ரோபயாலஜி எடுங்கள்.

தாலி, மெட்டி, மருதாணி, கண்ணாடி வளையல் – எதைக் கழற்ற வேண்டும்?
– வாசகி, சான் அன்டோனியோ, டெக்சஸ்

வளையலை, கண்ணாடியானாலும் தங்கமானாலும். மணிக்கட்டு வரை சோப்புப் போட்டுக் கழுவ இடம் வேண்டும், அடுக்கு வளையலுக்குள் கிருமி தங்கும். கல் வைத்த மோதிரம் கையுறையைக் கிழிக்கும். தாலிக்கொடியைக் கழற்றப் பெரும்பாலும் யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் குனியும்போது வெளியே தொங்காமல் உள்சட்டைக்குள் போட்டு ஒரு சின்ன ஊக்கால் குத்திவிடுங்கள், குழந்தை நோயாளிகள் கையில் சிக்கினால் இழுத்துவிடும். மெட்டி ஷூவுக்குள் இருக்கிறது. எட்டு மணி நேரம் நின்றால் விரலை அறுக்கும், பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். மருதாணி நிறம் மட்டும்தான், அதனால் தொற்று வராது. பயிற்சியின் முதல் வாரத்தில் இருந்தால் மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தோல் வியாதியோ என்று நோயாளிகள் கேட்பதுண்டு. ஒட்டு நகம் கூடவே கூடாது. சொந்த நகம் கால் அங்குலத்துக்குள் இருக்கட்டும்.